மெடிக்கல் ஷாப்ல எக்ஸ்பைரி, ரீகால் சரக்க எப்படி பாத்துக்கறது

ஸ்ட்ரிப்ப வெட்டும்போது பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் இருக்கற முனைய விட்டுட்டு எதிர்ப்பக்கத்துலேர்ந்து வெட்டுங்க, ஏன்னா அந்த முனை போச்சுன்னா மிச்ச மாத்திரை எந்த பேட்ச்னு யாருக்குமே தெரியாது, டிஸ்ட்ரிபியூட்டரும் திரும்ப எடுக்க மாட்டாரு. மாசம், வருஷம் மட்டும் போட்டிருந்தா அந்த மாசத்தோட கடைசி நாள் வரைக்கும்தான் கணக்கு, ஆனா ஒரு மாசத்துக்கு சுகர் மாத்திரை வாங்கற பெரியவருக்கு பத்து நாள்ல முடியறத தூக்கி குடுத்துடாதீங்க ப்ளீஸ்.

மாசா மாசம் ரேக்க பாத்து, முடிஞ்சத தனி டப்பால போட்டு எழுதி ஒட்டுங்க. ரிட்டர்ன் கெடு கம்பெனிக்கு கம்பெனி மாறும், வாங்கும்போதே கேட்டுக்கோங்க. சென்னை மருந்து ஹோல்சேல் மார்க்கெட்டான நைனியப்ப நாயக்கன் தெருவுல சரக்கு எடுக்கறவங்க பர்ச்சேஸ் பில், பேட்ச் வாரியா லிஸ்ட் போட்டு அனுப்பி கிரெடிட் நோட் (திருப்பின சரக்கோட காச வரவு வெச்சதுக்கான சீட்டு) கையில வாங்கற வரைக்கும் விடாதீங்க.

ரீகால், அதாவது பிரச்சனை இருக்கற மருந்த விற்பனையிலேர்ந்து திரும்ப எடுக்கறதுதான் ரொம்ப முக்கியம். 2025 அக்டோபர்ல கோல்ட்ரிஃப் இருமல் சிரப்ப தமிழ்நாட்டுல தடை பண்ணாங்க, எஸ்ஆர்-13 பேட்ச்ல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கற விஷ கெமிக்கல் இருந்துச்சு, குழந்தைங்க குடிக்கற மருந்துங்க அது! அந்த மாதிரி தகவல் வந்த நிமிஷமே ரேக்குலேர்ந்து எடுத்துடணும், சேல்ஸ் பில்லுல பேட்ச தேடி வாங்கினவங்களுக்கு போன் போடணும், அதுக்கு பில்லுல அவங்க போன் நம்பர் இருக்கணும்.