நேபாளியில் அனுமதி கேட்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

நேபாளத்தின் பசுபதிநாத், முக்திநாத் கோயில்களுக்குப் போகிற நம்மவர்கள் அரைகுறை இந்தியை வைத்தே ஒப்பேற்றிவிடுகிறார்கள். விலை கேட்க, வழி கேட்க அது போதும். அனுமதி கேட்கும் இடத்தில்தான் இடறுகிறது. இந்தி வாக்கியத்தையோ ஆங்கில வாக்கியத்தையோ அப்படியே நேபாளிக்கு மாற்றினால் புரியும்; ஆனால் மரியாதை குறையும், அல்லது பாடப்புத்தகத்தை ஒப்பிப்பது போல இருக்கும்.

முதல் தவறு, எல்லாவற்றுக்கும் 'ஸக்ச்சு' போடுவது. "ம போட்டோ கிச்ன ஸக்ச்சு?" என்றால் 'என்னால் போட்டோ எடுக்க முடியுமா?' என்று பொருள். பள்ளியிலும் அலுவலகத்திலும் அனுமதி கேட்கவும் இது காதில் விழும் என்பதால் தப்பு என்று தள்ள முடியாது. ஆனாலும் தெருவிலும் வீட்டிலும் இயல்பாக வருவது 'ஹுன்ச்ச'தான். "போட்டோ கிச்ன ஹுன்ச்ச?" என்றால் 'எடுக்கலாமா?'. முடியுமா, லாமா என்ற வித்தியாசம் நமக்குப் பழகியதுதானே. இதில் இன்னொரு வசதி: யார் எடுப்பது, யாரிடம் கேட்பது என்பதற்கேற்ப வினைச்சொல் மாறாது. நான், நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். விகுதி பிசகி அவமரியாதையாகிவிடுமோ என்ற பயமும் இல்லை. புதிதாகக் கற்பவர் இந்த ஒரு வடிவத்தை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதிக் கவலை தீர்ந்தது. "யஹா பஸ்ன ஹுன்ச்ச?" (இங்கே உட்காரலாமா), "யோ ஹேர்ன ஹுன்ச்ச?" (இதைப் பார்க்கலாமா). இதையே "பஸே ஹுன்ச்ச?", "கிச்சே ஹுன்ச்ச?" என்றும் கேட்பார்கள், 'உட்கார்ந்தால் சரியா' என்கிற தொனி.

எதிரில் இருப்பவரையே ஏதாவது செய்யச் சொல்லிக் கேட்கும்போதுதான் விகுதி கழுத்தைப் பிடிக்கும். நேபாளியில் 'நீ, நீங்கள்' என்கிற முன்னிலைச் சொல் 'த' (மூக்கொலியோடு), 'திமீ', 'தபாயீ', 'ஹஜுர்' என்று மரியாதையில் படிப்படியாக ஏறும். இந்தியின் 'தும்' நினைவில் 'திமீ' போடுகிறவர்கள் ஏராளம். முன்பின் தெரியாதவருக்கு, வயதில் சிறியவராக இருந்தாலும், 'தபாயீ' சொல்வதே பாதுகாப்பு. ஆனால் 'தபாயீ' சொல்லிவிட்டு வினையை 'திமீ' வரிசையில் முடித்தால், 'நீங்க வா' என்பது மாதிரி ஆகிவிடும். "தபாயீ ஜான்ச்சௌ?" தவறு, "தபாயீ ஜானுஹுன்ச்ச?" (நீங்கள் போகிறீர்களா) சரி. 'கொடு' என்பதற்குத் 'தேவூ' கூடாது, 'தினுஸ்' வேண்டும். அரச குடும்பத்து நடையான 'பக்ஸினு' வடிவங்களைப் பக்தி மிகுதியில் எடுத்து விடாதீர்கள். முடியாட்சியே 2008-ல் முடிந்துவிட்டது.

மூன்றாவது, 'க்ருப்பயா' (தயவுசெய்து). இது அறிவிப்புப் பலகையிலும் ஒலிபெருக்கியிலும் வாழும் சொல். டீக்கடையில் "க்ருப்பயா பானி தினுஸ்" (தயவுசெய்து தண்ணீர் கொடுங்கள்) என்றால் விமான நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கும். பேச்சில் பணிவைச் சுமப்பது வாக்கியக் கடைசியில் வரும் சின்ன 'ந'. "தாய், எக் கிலாஸ் பானி தினுஸ் ந." அவ்வளவுதான். முன்னால் உறவுமுறை சேர்ப்பது முக்கியம்: அண்ணன் வயதினருக்கு 'தாய்' (இந்தத் 'த'வை மென்மையாக, 'தந்தை'யின் இரண்டாம் தகரம் போலச் சொல்லுங்கள்), அக்கா வயதினருக்கு 'திதி', முதியவருக்கு 'பா', மூதாட்டிக்கு 'ஆமா'. நாம் 'ஆமா' என்று தலையாட்டினால் அங்கே அம்மாவைக் கூப்பிட்டதாக ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சொந்த விருப்பத்தைக் கேட்பதும் விதியைக் கேட்பதும் வேறு. ஒருவரைப் படம் எடுக்க 'ஹுன்ச்ச' போதும். ஓர் இடத்தில் அனுமதி உண்டா என்று அறிய "யஹா போட்டோ கிச்ன பாயின்ச்ச?" என்பது பொருத்தம். பசுபதிநாத்தின் மூலக்கோயிலுக்குள் கேட்டால் "பாயிந்தைன" என்று பதில் வரும். அங்கே பேரம் பேசுவதில் பயனில்லை. இதே 'பாயின்ச்ச' பொருளோடு சேர்ந்தால் 'கிடைக்குமா' ஆகிவிடும்: "சியா பாயின்ச்ச?" என்றால் டீ கிடைக்குமா. நேரம், வசதி ஒத்துவருமா என்று கேட்க 'மில்ச்ச'.

பதிலைத் தப்பாகப் புரிந்துகொள்வதுதான் அதிகம் நடக்கிறது. கேள்வித் தொனியில் "ஹஜுர்?" என்றால் 'என்ன சொன்னீங்க?' என்று பொருள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கேமராவைத் தூக்கிவிடுகிறார்கள். சம்மதம் என்றால் "ஹுன்ச்ச" போலத் தெளிவான சொல் வரவேண்டும். "ஹுந்தைன", "மில்தைன" வெளிப்படையான மறுப்பு. "ஹேரௌலா" (பார்க்கலாம்) என்று இழுத்தால் அதுவும் பெரும்பாலும் மறுப்புதான்; முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மனமில்லாமல் சொல்வது. இரண்டாம் முறை கேட்டு அவரைச் சங்கடத்தில் தள்ள வேண்டாம். எந்தப் பதிலானாலும் "ஹஸ்" (சரிங்க) என்று சொல்லி ஏற்பது மரியாதை. சின்ன உதவிக்கெல்லாம் 'தன்யவாத்' (நன்றி) அடுக்கத் தேவையில்லை. பொருளை வாங்கும்போது வலக்கையை நீட்டி, இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டால் அதுவே போதும்.

உச்சரிப்பில் இரண்டு விஷயம். 'தபாயீ'யில் வரும் 'ப'வைப் 'பால்' போல வலுவாகச் சொல்லுங்கள். நம் வழக்கப்படி நடுவில் மென்மையாக்கினால் வேறு மாதிரி ஒலிக்கும். 'ஹுன்ச்ச'வின் கடைசி அகரத்தை விழுங்கி 'ஹுன்ச்' ஆக்காதீர்கள்.

வீட்டுக்குள் போகும்போது வாசலில் "பித்ர ஆவூ?" (உள்ளே வரட்டுமா) என்று கேட்பவர்கள், சமையலறை வாசலில் கேட்க மறந்துவிடுகிறார்கள். பழைய வழக்கம் பார்க்கும் பாஹுன் (பிராமணர்), சேத்ரி (சத்திரியர்) வீடுகளில் வெளியாள் அடுப்படிக்குள் நுழைவதில்லை. அங்கே செருப்பைப் பற்றிக் கேட்டாலும் ("ஜுத்தா கோல்னு பர்ச்ச?", கழற்ற வேண்டுமா), கழற்றிவிட்டுக் கேட்பதே நல்லது.