தக்காளி ரகம் உருவாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் புதிதாக ரகம் உருவாக்கும் வேலைக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, பெரிய பழம் காய்த்த செடியைக் கண்டதும் இதுதான் தேர்வு என்று அதற்கு அடையாள ரிப்பன் கட்டிவிடுவது. அந்தப் பழம் யாருக்கு என்று முதலில் கேளுங்கள். கோலார் மண்டியில் ஏலம் போகிற பழத்துக்குத் தோல் கெட்டியாக இருக்க வேண்டும், லாரியில் நசுங்கக் கூடாது. சாஸ் ஆலைக்காரர் கேட்பது பிரிக்ஸ், அதாவது சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரை முதலானவற்றின் சதவீதம். 28 பிரிக்ஸ் பேஸ்ட் ஒரு கிலோ எடுக்க, 4 பிரிக்ஸ் சாறு என்றால் 7 கிலோ காய்ச்ச வேண்டும். 5 பிரிக்ஸ் இருந்தால் 5.6 கிலோ போதும். மிச்சம் எல்லாம் எரிபொருள் செலவழித்து ஆவியாக்குகிற தண்ணீர்தான்.

பிரிக்ஸை அளப்பதிலும் கவனம் வேண்டும். அதை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு, மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் எண் தெரிந்துவிடும். ஆனால் ஒரு பழம் நேற்றுத் தண்ணீர் கட்டிய பாத்தியிலிருந்தும், இன்னொன்று காய்ந்த பாத்தியிலிருந்தும் வந்திருந்தால், நீங்கள் அளந்தது ரகத்தை இல்லை, பாசனத்தை. பழுத்த பதமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆலை ரகத்தில் காம்பையும் பாருங்கள். கணுவோடு ஒடிந்து பழத்தில் ஒட்டி வரும் காம்பு, கிரேட்டில் பக்கத்துப் பழத்தைக் குத்திவிடும். காம்பில் கணு இல்லாத செடியில் பழம் மட்டும் சுத்தமாகக் கழன்று வரும்.

சோதனை வயலுக்கு வாராவாரம் மருந்தடிப்பது இன்னொரு தவறு. ஹெசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன் இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் ஒட்டுரகம் (வெவ்வேறு பெற்றோர் செடிகளைக் கலந்து எடுத்த ரகம்). அப்படிப்பட்ட செடியைப் பொறுக்க வேண்டுமானால் நோய் வயலுக்குள் வரத்தான் வேண்டும். இலைச்சுருட்டு என்றால், எளிதில் நோய் பிடிக்கும் ரகத்தைச் சில வரிசைக்கு ஒன்றாக நட்டு, அந்த வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈயை வரவிடுங்கள். பார்க்க மனசு கேட்காது, சரி. ஆனால் அங்கே தப்பி நிற்கும் செடிதான் விவசாயிக்கு உதவும்.

அப்புறம், இடம். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவு குளிரும். கீழே கிருஷ்ணகிரியில் கோடை இரவுச் சூட்டுக்கு அதே செடி பூவை உதிர்த்துவிடும். ரகம் எங்கே விற்கப் போகிறதோ அங்கேயே, குறைந்தது இரண்டு பருவம் நட்டுப் பாருங்கள்.

ஒட்டுரக விதையைக் கொடுக்கும்போது ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: "அண்ணா, இதன் பழத்திலிருந்து விதை எடுத்து விதைத்தால், செடி ஒன்றுபோல வராது."