பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்குவதற்கு முன் அடியில் படுத்துப் பாருங்கள்

ஜவ்வாது மலைப் பக்கமும் ஏலகிரிப் பக்கமும் சுற்ற ஆசைப்பட்டு, பழைய மஹிந்திரா தாரோ மாருதி ஜிப்ஸியோ தேடுகிறவர்கள் வேலூரில் நிறைய பேர். முதன்முறை வாங்குகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பெரும்பாலோர் போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார்கள், அது திருப்தியாக இருந்தால் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். இன்ஜினை இறக்கி வேலை பார்க்க நல்ல மெக்கானிக்குகள் நம் ஊரில் இருக்கிறார்கள். துருப்பிடித்த சேசிஸையும் சிக்கலான ஆர்சி புக்கையும் அப்படிச் சுலபமாகச் சரிசெய்ய முடியாது. அதனால் வண்டியைக் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு வாருங்கள்.

படி 1: வண்டி இதுவரை என்ன வேலை பார்த்தது?

மலைக் கிராமங்களுக்கு ஆளும் மூட்டையும் ஏற்றி ஓடிய வண்டியா, ராணுவ ஏலத்தில் எடுத்ததா, வார இறுதியில் மட்டும் வெளியே வந்ததா என்று கேளுங்கள். பாரம் ஏற்றி ஓடியதென்றால் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்து வண்டி ஒருபக்கம் சாய்ந்திருக்கும். சமதளத்தில் நிறுத்தி, பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்த்தாலே தெரியும். சென்னை வண்டி என்றால் 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் எங்கே நின்றது என்று தயங்காமல் கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

படி 2: அடியில் படுங்கள்

பழைய சாக்கு, டார்ச், சின்னச் சுத்தியல் ஆகிய மூன்றும் போதும். முதலில் வண்டிக்குள் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். பிறகு சேசிஸ் பெட்டியின் ஓரங்கள், ஸ்பிரிங் பட்டை சேசிஸில் மாட்டியிருக்கும் இடம், பாடியைத் தாங்கும் ரப்பர் புஷ்களைச் சுற்றிய இடம், பின் பம்பருக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டம் என்று வரிசையாகப் பாருங்கள். மண் தங்குவது இங்கெல்லாம்தான், ஈரம் காயாமல் துரு உள்ளிருந்து தின்பதும் இங்கெல்லாம்தான். சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று சொல்லும். ‘டப்’ என்று மந்தமாகக் கேட்டால் உள்ளே செல்லரித்திருக்கிறது. அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். அப்படிப் பெயின்ட் அடித்த வண்டியைச் சுத்தியல் இல்லாமல் நம்பவே மாட்டேன்.

மேலே தெரியும் துருவை டிங்கரிங்கில் சரி செய்துவிடலாம். சேசிஸில் ஓட்டை இருந்தாலோ, வெல்டிங் தழும்பு இருந்தாலோ, விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடுங்கள். சேசிஸில் பொறித்த எண்ணைத் துடைத்து ஆர்சியோடு ஒப்பிடுவதையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

படி 3: நான்கு சக்கரமும் இழுக்கிறதா?

முதலில் வண்டிக்குள் கியர் லீவர் பக்கத்தில், ஃபோர் வீல் டிரைவ் போடும் இரண்டாவது லீவர் இருக்கிறதா என்று பாருங்கள். 2010 முதல் 2020 வரை வந்த பழைய தாரில் டூ வீல் டிரைவ் மாடலும் உண்டு. வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள்.

சோதனையைத் தார் போட்ட ரோட்டில் செய்யாதீர்கள். இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் (சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர்) கிடையாது. காய்ந்த ரோட்டில் 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) போட்டு வளைத்தால் சக்கரம் வழுக்க இடமில்லாமல் கியர்களும் ஜாயிண்ட்டுகளும் முறுக்கிக்கொள்ளும். மண் பாதைக்குப் போய், மெதுவாக ஓடும்போது 4எச் போடுங்கள். அப்புறம் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து 4எல் (மெதுவாக, அதிக இழுவையோடு போகும் நிலை) போடுங்கள். போட்ட கியர் பிடித்து நிற்க வேண்டும். மேட்டில் ஏறும்போது லீவர் தானாக வெளியே குதித்தால் டிரான்ஸ்ஃபர் கேஸில் (இன்ஜின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் கியர் பெட்டி) வேலை இருக்கிறது, செலவும் சின்னதாக இருக்காது. ஜிப்ஸியில் முன்சக்கர ஹப்பைக் கையால் திருகிப் பூட்டும் வகை இருந்தால், பூட்டிய பிறகே சோதியுங்கள்.

அடுத்தது முன் ஆக்சில். ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கூட வந்தவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் ஜிப்ஸியில் அது கிங்பின் பேரிங், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பேரிங். ஜிப்ஸியில் இந்தக் கிங்பின் தேய்ந்தால் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டியரிங் கையை உதறும். சக்கரத்துக்கு உள்பக்கம் உருண்டையாக இருக்கும் நக்கிளில் கிரீஸும் ஆயிலும் கலந்து வழிகிறதா என்றும் பாருங்கள். சீல் போயிருந்தால் வழியும்.

முடிந்தால் மெக்கானிக்கை விட்டு டிஃபரன்ஷியல் ஆயிலில் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்கள். பால் விட்ட டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மேலே இருக்கும் பிரீதர் என்ற காற்றுத் துளை அடைத்திருந்தால், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். இதைக் கேட்டால் சில ஓனர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

படி 4: இன்ஜின்

வண்டி குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட் பார்க்க வேண்டும். டீசல் வண்டியில் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பேக் கம்ப்ரஷன் (அந்த வாய் வழியாகப் புகை வேகமாக அடிக்கிறதா என்று) பாருங்கள்.

நம் ஊர் வெயிலில் ரேடியேட்டர்தான் உண்மையான பரீட்சை. கோடை மதியத்தில் ஏசி போட்டு இருபது நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். ஓனர் சம்மதித்தால் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். சூட்டு முள் நடுவைத் தாண்டக் கூடாது. இறங்கும்போது பிரேக் சூடாகி இழுக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

படி 5: டயரும் எக்ஸ்ட்ராவும்

டயர் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2317 என்றால் 2017-ன் 23-வது வாரம். பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் காய்ந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும், அதை விலையில் கழியுங்கள். பெரிய டயர், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், முன்பக்க இரும்புக் கம்பியான புல் பார் போட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் தராதீர்கள். புல் பாருக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. மற்றவையும் எஃப்சியில் (தகுதிச் சான்று வாங்கும்போது) பிரச்சினை ஆகலாம்.

படி 6: பேப்பர்

தனியார் வண்டிக்கு ஆர்சி 15 வருடம். அதன் பிறகு எஃப்சி காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. பசுமை வரி தனி. அதனால் 14 வருட வண்டியை மலிவு என்று நினைக்கும் முன் இந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

வேலூர் டிஎன் 23, ராணிப்பேட்டை டிஎன் 73 என்றால் வேலை சுலபம். சித்தூர் பக்கத்து ஏபி வண்டி விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே மறுபதிவு செய்து ஆயுள் வரியும் கட்ட வேண்டும். டெல்லி டீசல் வண்டிகளும் இப்படித்தான் வருகின்றன. அங்கே டீசலுக்குப் பத்து வருடக் கெடு விதித்ததால் தெற்கே தள்ளிவிட்டார்கள். பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்கில் காட்டும் ஜெராக்ஸை நம்பாமல், அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு லோன், இன்சூரன்ஸ், எத்தனையாவது ஓனர் என்று நீங்களே பாருங்கள். லோன் அடைத்திருந்தாலும் ஆர்சியில் ஹைபோதிகேஷன் (லோன் கொடுத்தவர் பெயர்க் குறிப்பு) நீங்காமல் இருந்தால், ஓனர் படிவம் 35 கொடுத்து அதை நீக்கிய பிறகே முழுப் பணம் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஓனர் உங்கள் முன்னாலேயே கையெழுத்துப் போடட்டும். தேதி போடாத வெற்றுப் படிவத்தை வாங்கிக்கொண்டு வராதீர்கள். வாங்கிய 30 நாளுக்குள் ஆர்டிஓவில் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.