கை எட்டினால் போதாது: டேபிள் டென்னிஸ் ஃபுட்வொர்க்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேபிள் டென்னிஸ் டேபிளின் அகலம் 1.525 மீட்டர்தான். நடுவில் நின்று பேட்டோடு கையை நீட்டினால் இரண்டு ஓரங்களும் எட்டிவிடும். ஃபுட்வொர்க், அதாவது கால்களின் நகர்வு, கெட்டுப்போக முதல் காரணமே இதுதான். டென்னிஸிலும் பேட்மின்டனிலும் ஓடாமல் பந்தை எடுக்கவே முடியாது. அதனால் நேற்று ஆட வந்தவர்கூட ஓடுகிறார். இங்கே நின்ற இடத்திலேயே பந்து பேட்டில் பட்டுவிடுகிறது. பட்டுவிட்டதே, சரியாகத்தான் ஆடுகிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் எட்டிப் பிடித்து அடிக்கும் பந்தில் இடுப்பும் தோளும் சுழல இடமே இருக்காது. பந்தை முன்னோக்கிச் சுழலவைக்கும் டாப்ஸ்பின் ஏறாது. ஒன்று நெட்டில் விழும், அல்லது டேபிளைத் தாண்டிப் போகும். உடனே பேட்டின் கோணம் சரியில்லை என்கிறோம், பேட்டில் ஒட்டியிருக்கும் ரப்பரை மாற்றுகிறோம். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய புது ரப்பரிலும் பந்து அதே நெட்டில்தான் விழுகிறது.

ஃபுட்வொர்க் என்றதும் பலருக்கு வேகமான ஓட்டம்தான் நினைவுக்கு வருகிறது. கிளப்களிலும் அபார்ட்மென்ட் விளையாட்டு அறைகளிலும் நான் பார்த்தவரை, வேகம் போதாமல் இழக்கும் பாயின்ட்கள் குறைவு. கால் நகர்வதற்கு முன்னால் எப்படி நின்றோம், அடித்து முடித்த பிறகு என்ன செய்தோம் என்ற இரண்டு இடங்களில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. அதனால் அந்த இரண்டையும் விரிவாகவே சொல்கிறேன். வலது கையால் ஆடுபவரை மனதில் வைத்து எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

பந்து வருவதற்கு முன்

முதல் தவறு, நிமிர்ந்து நிற்பது. முழங்கால் நேராக இருந்தால் எந்தப் பக்கம் நகர்வதற்கும் முதலில் முழங்காலை மடக்கியாக வேண்டும். அந்த ஒரு மடக்கலுக்குள் பந்து பாதி டேபிளைக் கடந்துவிடும். ரெய்டரை எதிர்கொண்டு நிற்கும் கபடி வீரரைப் பாருங்கள்: கால்கள் அகன்று, முழங்கால் மடங்கி, உடல் சற்று முன்னால் சாய்ந்து, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பாயத் தயாராக இருப்பார். இங்கேயும் அந்த நிலைதான் வேண்டும். கால்களின் இடைவெளி தோள் அகலத்தைவிட நன்றாகவே அதிகமாக இருக்கட்டும்.

குனிவதிலும் ஒரு தவறு உண்டு. முழங்காலை மடக்காமல் முதுகை மட்டும் வளைத்துக் குனிபவர்கள் நிறைய. கண்ணாடியில் பார்த்தால் தாழ்வாக நிற்பதுபோலவே தெரியும். ஆனால் கால் பூட்டிக்கொண்டிருக்கும், ஒரு மணி நேரத்தில் இடுப்பும் வலிக்க ஆரம்பிக்கும். சாய்வு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும், முதுகு வளையக் கூடாது. குழந்தைகளுக்கு இதை அப்படியே சொல்லிக்கொடுக்க வேண்டாம். டேபிளின் உயரம் 76 சென்டிமீட்டர்; எட்டு வயதுப் பிள்ளைக்கு அது ஏற்கெனவே வயிற்று உயரத்துக்கு இருக்கும். அந்தப் பிள்ளையை "இன்னும் குனி, இன்னும் குனி" என்று விரட்டினால் பந்து எங்கே விழுகிறது என்றே அதற்குத் தெரியாது. கால்களை அகட்டி முழங்காலைத் தளர்வாக வைத்தால் அந்த வயதுக்குப் போதும்.

அடுத்தது குதிகால். உடல் எடை குதிகாலில் இருந்தால் நகர்வது தாமதமாகும், உடலும் பின்னால் சாயும். எடை முன்பாதத்தில் இருக்க வேண்டும். அதற்காகக் கட்டைவிரல் நுனியில் நிற்கச் சொல்லவில்லை; அப்படி நின்றால் ஆடுசதை இறுகி, இரண்டாவது கேமிலேயே கால் சோர்ந்துவிடும். குதிகாலுக்கும் தரைக்கும் இடையே ஒரு தாளை நுழைக்கும் அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும்.

பாதங்களின் கோணத்திலும் பழைய பழக்கம் ஒன்று பலரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வலப்பக்கம் அடிக்கும் ஃபோர்ஹேண்ட் நன்றாக வர வேண்டும் என்று வலது காலை வெகுவாகப் பின்னால் வைத்துப் பக்கவாட்டில் நிற்கிறார்கள். ஃபோர்ஹேண்ட் வரும், சரி. இடப்பக்கம், அதாவது பேக்ஹேண்ட் பக்கம், வேகமாக ஒரு பந்து வந்தால் உடல் குறுக்கே நிற்கும், கைக்கு இடம் இருக்காது. வலது கால் அரைப் பாதம் பின்னால் இருந்தால் இரண்டு பக்கமும் சமாளிக்கலாம்.

எங்கே நிற்பது? டேபிளின் நடுக்கோட்டுக்கு நேராக நிற்பதுதான் நியாயம் என்று தோன்றும். ஆனால் ஃபோர்ஹேண்டின் எட்டும் தூரம் பேக்ஹேண்டைவிட அதிகம். அதனால் வலது கைக்காரர் நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நிற்க வேண்டும். தூரத்துக்கு ஒரு சுலபமான அளவு: கையை முன்னால் நீட்டினால் பேட்டின் நுனி டேபிள் விளிம்பைத் தொட வேண்டும். வயிறு டேபிளை இடிக்கும்படி நிற்பவருக்கு ஆழமாக வரும் பந்தை அடிக்க இடமே இருக்காது. இரண்டு மீட்டர் பின்னால் நிற்பவர் நெட் ஓரம் விழும் குட்டைப் பந்துக்கு ஓடி வரும்போது பந்து இரண்டாவது முறை குதித்திருக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒருவர் தாமதமாக நகர்கிறார் என்றால், அநேகமாக அவர் சிலை மாதிரி நின்று காத்திருக்கிறார். எதிராளியின் பேட் பந்தைத் தொடும் அந்த நேரத்தில் ஒரு மிகச் சிறிய துள்ளல் வேண்டும். பாதம் தரையை விட்டு உயர வேண்டும் என்றுகூட இல்லை, எடை லேசாகி மறுபடி இறங்கினால் போதும். இறங்கும்போது பந்து எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அந்த இறக்கத்தின் விசையிலேயே தரையைத் தள்ளிப் புறப்படலாம். இதை டிவியில் பார்த்துவிட்டுச் சிலர் ராலி முழுக்கக் குதித்துக்கொண்டே இருக்கிறார்கள். எதிராளி அடிக்கும் நேரத்தில் நீங்கள் மேலே இருந்தால், குதிக்காமல் நின்றவரைவிடத் தாமதமாகத்தான் புறப்படுவீர்கள். கண் எதிராளியின் பேட்டில் இருக்கட்டும், துள்ளல் தானாக அதோடு சேர்ந்துகொள்ளும்.

நகரும்போது

இங்கே தவறுகள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் பிடிவாதமானவை.

வலப்பக்கம் போக வேண்டுமென்றால் வலது காலை முதலில் எட்டி வைத்துவிட்டு இடது காலை அங்கேயே விட்டுவிடுவது பொதுவாகக் காண்பது. கால்கள் அகன்று, எடை முழுக்க வலது காலில் விழுந்து, அடித்த பிறகு திரும்பி வர வழியில்லாமல் நின்றுவிடுவார்கள். இடது கால் தரையைத் தள்ள வேண்டும். இரண்டு கால்களும் கிட்டத்தட்ட ஒன்றாக நகர்ந்து, பழைய இடைவெளியோடு புது இடத்தில் இறங்க வேண்டும். இதைத்தான் சைடு ஸ்டெப் என்கிறோம். ஆட்டத்தின் பெரும்பகுதி இதிலேயே ஓடிவிடும். பாதங்களை ஒட்டவைத்து ஒட்டவைத்து நகர்வதும் தவறு. ஒட்டிய பாதத்தில் உடல் நிற்காது.

ஒரு காலின் முன்னால் மறுகாலைக் குறுக்கே போடும் கிராஸ் ஓவர், வெகுதூரம் போக வேண்டியிருக்கும்போது மட்டும். பக்கத்தில் வரும் பந்துக்கெல்லாம் காலைப் பின்னிக்கொள்பவர் அடுத்த பந்தைத் தானமாகக் கொடுத்துவிடுகிறார்.

பேக்ஹேண்ட் மூலைக்கு வரும் பந்தைச் சுற்றிப்போய் ஃபோர்ஹேண்டில் அடிக்கும் ஸ்டெப் அரவுண்டைப் பற்றி நிறையச் சொல்லலாம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தென் கொரியாவின் ரியூ சுங்-மின் தங்கம் வென்றது பெரும்பாலும் இந்த நகர்வை நம்பித்தான். அவர் பேனாவைப் பிடிப்பதுபோல் பேட்டைப் பிடிக்கும் பென்ஹோல்ட் பிடியில், பேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் வைத்து ஆடியவர். பேக்ஹேண்ட் மூலையையும் ஃபோர்ஹேண்டால் காக்க அவருக்குக் கால்தான் துணை. இறுதிப் போட்டியில் சீனாவின் வாங் ஹாவை 4-2 என்று வென்றார். அந்த ஆட்டத்தின் வீடியோவைப் போட்டு அவருடைய கால்களை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் இடது கால் டேபிளின் இடது ஓரத்துக்கு வெளியே போய்விடும், வலது கால் பின்னால் சுழன்று வந்து ஊன்றும். நம்மில் பலர் செய்வது பாதிச் சுற்று. உடலைக் கொஞ்சம் ஒதுக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து எப்படியோ அடிக்கிறோம். பாதிச் சுற்றுக்குப் பதில் அந்தப் பந்தை பேக்ஹேண்டிலேயே ஆடிவிடுவது மேல். போவதானால் முழுக்கப் போங்கள்.

குட்டைப் பந்தில் வேறு மாதிரி தவறு. நெட் ஓரம் பந்து விழுந்ததும் கால் நகராமல் மேல் உடம்பு மட்டும் டேபிள் மேல் படுத்துவிடும். சமநிலை தவறி இடது கையை டேபிளில் ஊன்றினால் விதிப்படி பாயின்ட் எதிராளிக்கு. தொடை இடித்து டேபிள் நகர்ந்தாலும் அப்படியே. வலது காலை டேபிளுக்கு அடியில் நன்றாக உள்ளே வையுங்கள். ஃபோர்ஹேண்டில் மெல்லத் தள்ளும் புஷ் ஆனாலும் பேக்ஹேண்டில் சுண்டி அடிக்கும் ஃப்ளிக் ஆனாலும் வலது கால்தான். அடித்தவுடன் அதே காலால் தள்ளி வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே போவது எல்லாருக்கும் வந்துவிடுகிறது. வெளியே வருவதைத்தான் யாரும் பழகுவதில்லை, எதிராளியும் அடுத்த பந்தை நேராக உடம்புக்கே வேகமாக அனுப்புகிறார்.

உடம்புக்கு வரும் பந்து என்றால், வலது முழங்கைக்கு நேராக வருவதுதான் மிகச் சிக்கல். ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா என்று கை தவிக்கும். தவிப்பதைக் கையிடம் விடாமல் காலிடம் விடுங்கள். ஃபோர்ஹேண்ட் வேண்டுமென்றால் ஒரு சிறு அடி இடப்பக்கம், பேக்ஹேண்ட் வேண்டுமென்றால் ஒரு சிறு அடி வலப்பக்கம். கால் நகர்ந்துவிட்டால் கைக்குக் குழப்பம் போய்விடும்.

அடித்து முடித்த பிறகு

நல்ல ஆட்டக்காரர்களுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இங்கேதான் அதிகம் தெரிகிறது. நாம் ஒரு நல்ல ஃபோர்ஹேண்ட் அடித்தால், அது போய் விழுவதை நின்று பார்க்கிறோம். எதிராளி எப்படியோ பேட்டை வைத்து பிளாக் செய்துவிட்டால் நாம் இன்னும் அடித்த போஸிலேயே இருக்கிறோம். சீனாவின் ஒலிம்பிக் சாம்பியன் மா லாங் ஆடிய வீடியோக்களைக் கவனியுங்கள். அடியின் முடிவும் அடுத்த நிலைக்குத் திரும்புவதும் அவருக்கு ஒரே அசைவு. பேட் நெற்றிப் பக்கம் போய் முடியும்போதே கால் தரையைத் தள்ளிவிட்டிருக்கும்.

சர்வீஸிலும் இதே கதை. பேக்ஹேண்ட் மூலையில் பக்கவாட்டில் நின்று ஃபோர்ஹேண்ட் சர்வீஸ் போடுகிறோம். பந்து கையை விட்டதும் வேலை முடிந்தது என்று அங்கேயே நிற்கிறோம். அதுவரை பக்கவாட்டில் நின்ற உடல், சர்வீஸ் போட்டவுடன் டேபிளைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும், கால்கள் தயார் நிலைக்கு வந்திருக்க வேண்டும். சர்வீஸ் பழகும்போது பந்தை மட்டும் போட்டுப் போட்டுப் பழகாமல், ஒவ்வொரு சர்வீஸுக்குப் பிறகும் நிலைக்குத் திரும்புவதையும் சேர்த்தே பழகுங்கள். தனியாக ஒரு பக்கெட் பந்தோடு பழகினாலும் இதைச் செய்யலாம்.

"நடுவுக்குத் திரும்பு" என்ற அறிவுரையில் ஒரு சிறு திருத்தம் உண்டு. திரும்ப வேண்டியது டேபிளின் நடுவுக்கு அல்ல, எதிராளிக்கு இருக்கும் கோணத்தின் நடுவுக்கு. உங்கள் ஃபோர்ஹேண்ட் மூலையிலிருந்து குறுக்காக அவருடைய ஃபோர்ஹேண்ட் மூலைக்கு அடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் நேராகத் திருப்பினால் பந்து உங்கள் பேக்ஹேண்ட் பக்கம் வரும். குறுக்காகத் திருப்பினால் டேபிளில் குதித்து உங்கள் ஃபோர்ஹேண்ட் ஓரத்தையும் தாண்டி வெளியே போகும். இந்த இரண்டுக்கும் நடு, உங்கள் வழக்கமான இடத்தைவிட வலப்பக்கம் இருக்கிறது. அங்கே நிற்காமல் பழக்கத்தில் இடப்பக்கம் ஓடிவந்துவிட்டால் அடுத்த பந்துக்கு எவ்வளவு வேகமாக ஓடினாலும் கிடைக்காது.

பயிற்சியில் நடப்பவை

கிளப்களில் ஃபுட்வொர்க்குக்கு மிகவும் பிரபலமான பயிற்சி ஃபால்கன்பெர்க். 1971 உலக சாம்பியன் ஸ்டெல்லான் பெங்ட்சனின் ஊரான ஸ்வீடனின் ஃபால்கன்பெர்க் பெயரால் அழைக்கப்படுவது. பேக்ஹேண்ட் மூலையில் ஒரு பேக்ஹேண்ட், அதே மூலையில் சுற்றிப்போய் ஒரு ஃபோர்ஹேண்ட், அப்புறம் எதிர் மூலைக்குப் போய் ஒரு ஃபோர்ஹேண்ட், மறுபடி முதலிலிருந்து. நகர்வுகளில் முக்கியமானவை எல்லாம் இதில் வந்துவிடுகின்றன, அருமையான பயிற்சி. ஆனால் பந்து போடுபவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போக, ஆடுபவர் நிமிர்ந்து, எட்டி, பாதிச் சுற்றில் அடித்துச் சமாளிக்கிறார். முதல் நிமிடத்திலிருந்தே தவறான நகர்வு பழக்கமாகிறது. நிலை குலையாமல் ஆட முடிகிற வேகத்தில் தொடங்குங்கள். கால் சரியாக இறங்காத நேரத்தில் பந்து போடுபவரை நிறுத்தச் சொல்லத் தயங்க வேண்டாம்.

பந்து எங்கே வரும் என்று தெரிந்த பயிற்சியோடு நின்றுவிடுவதும் தவறு. போட்டியில் யாரும் சொல்லிவிட்டு அடிப்பதில்லை. இரண்டு பந்து சொன்ன இடத்தில், மூன்றாவது எங்கு வேண்டுமானாலும் என்று கலந்துவிட்டால், முன்னே சொன்ன அந்தச் சிறு துள்ளலுக்கு வேலை வரும்.

சொந்த ஃபுட்வொர்க்கைப் பார்க்க மொபைலை டேபிளுக்குப் பின்னால் இடுப்பு உயரத்தில் வைத்து எடுங்கள். முதல் முறை பார்க்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள், கால்களை மட்டும் பாருங்கள். சத்தத்தையும் கேளுங்கள்: தொப் தொப்பென்று கேட்டால் குதிகாலில் இறங்குகிறீர்கள்.

ஷூ பற்றி ஒரு வார்த்தை. ஓடுவதற்கான ஷூவின் குதிகால் தடிமனாக, உயரமாக இருக்கும். நேராக ஓட அது சரி. பக்கவாட்டில் தள்ளும்போது கணுக்கால் மடங்கிவிடும் அபாயம் உண்டு. அடிப்பாகம் தட்டையாக, ரப்பர் பிடிப்போடு உள்ள இன்டோர் ஷூ வேண்டும். மொசைக் தரையில் தூசி இருந்தால் பக்கத்தில் ஒரு ஈரத் துணியைப் போட்டு அவ்வப்போது ஷூவைத் துடைத்துக்கொள்ளுங்கள். வழுக்கும் என்ற பயம் இருக்கும்வரை யாருடைய காலும் துணிந்து தள்ளாது.

நாற்பதைக் கடந்தவர்கள் இதெல்லாம் இளைஞர்களுக்கு என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சென்னையின் சரத் கமல் 2006-ல் மெல்போர்னில் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வென்றார். 16 ஆண்டுகள் கழித்து 2022-ல் பர்மிங்ஹாமில் 40 வயதில் அதே தங்கத்தை மறுபடி வென்றார். அவர் அளவுக்கு நம்மால் உழைக்க முடியாது, சரி. ஆனால் வயதானவர்களுக்கு எட்டி அடிப்பதுதான் தோளையும் இடுப்பையும் கெடுக்கிறது, சிறு சிறு அடிகள் அல்ல. முழங்கால் வலி இருந்தால் அதிகம் தாழ வேண்டாம், கால்களைக் கொஞ்சம் கூடுதலாக அகட்டிக்கொள்ளுங்கள். ஸ்டெப் அரவுண்டை விட்டுவிட்டு அந்த மூலையைப் பேக்ஹேண்டிடம் ஒப்படைத்துவிடலாம். அடித்த பிறகு நிலைக்குத் திரும்பும் அந்த ஒரு அடியை மட்டும் எந்த வயதிலும் விட வேண்டாம்.