திறன் பலகையில் கணக்கு: இழுப்பதற்கு முன் கணிக்கச் சொல்லுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பகுதிப் பள்ளிகளில் திறன் பலகை (தொட்டு இயக்கும் ஸ்மார்ட் போர்டு) வைத்திருக்கும் கணித ஆசிரியர்கள் அதில் காணொளி மட்டும் ஓட்டினால், அது பெரிய தொலைக்காட்சியாகவே நின்றுவிடும். இலவசக் கணித மென்பொருளான ஜியோஜீப்ராவில் ஒரு முக்கோணம் வரைந்து, மூன்று கோண அளவுகளையும் அவற்றின் கூடுதலையும் திரையில் தோன்றச் செய்யுங்கள். ஓர் உச்சியை இழுத்தால் கூடுதல் என்னவாகும் என்பதை மாணவர்கள் முதலில் நோட்டில் எழுதட்டும். அதன் பிறகே ஒருவரை அழைத்து இழுக்கச் சொல்லுங்கள். கோணங்கள் மாறிக்கொண்டே இருக்க, கூடுதல் மட்டும் 180 பாகையில் அசையாமல் நிற்பதைத் தம் கணிப்போடு ஒப்பிடும் பிள்ளை, அந்தத் தேற்றத்தை எளிதில் மறப்பதில்லை. கணிப்பை எழுதாமல் இழுக்கவிட்டால் வெறும் வேடிக்கைதான் மிஞ்சும் என்பது என் எண்ணம்.

வரைபடப் பாடத்துக்கு, கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் பேருந்துப் பயணத்தைத் தூரம்–நேரக் கோடாக வரைந்து, பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது கோடு ஏன் கிடைமட்டமாகிறது என்று கேட்கலாம்.

தொட்ட இடத்தில் கோடு விழாமல் விலகினால், பலகையின் தொடுதிரை அளவீட்டை (கேலிபரேஷன்) மீண்டும் சரிசெய்துகொள்ளுங்கள். மின்வெட்டை எண்ணிக் கரும்பலகையையும் சாக்பீஸையும் அருகிலேயே வைத்திருங்கள்.