படகுக் கணக்கு: கூட்டுவதா, கழிப்பதா?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களில் பலர் படகுக் கணக்கை, அதாவது ஓடும் ஆற்றில் படகின் வேகமும் நேரமும் கேட்கும் கணக்கைக் கண்டதும் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள். ஆற்றின் வேகத்தை எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது என்ற குழப்பம்தான் காரணம். சூத்திரத்தை மனப்பாடம் செய்தால் இது தீராது. ஒகேனக்கல்லில் பரிசல் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தால் தீரும். ஆற்றோடு போகும்போது தண்ணீரே இழுத்துக்கொண்டு போகிறது. எதிர்த்து வரும்போது பரிசல்காரர் மூச்சு வாங்கத் துடுப்பு வலிக்கிறார், அதுவும் இழுப்பு குறைந்த கரையோரமாகப் பார்த்து. (நம் கணக்கில் மட்டும் ஆறு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடும்.)

படி 1: இரண்டு வேகங்களைப் பிரியுங்கள்

கேள்வியில் ‘நிலையான நீரில் படகின் வேகம்’ என்று வரும். அதே படகைக் குளத்தில் விட்டால் எவ்வளவு வேகமாகப் போகுமோ, அதுதான். அது மணிக்கு 8 கி.மீ., நீரோட்டம் 2 கி.மீ. என்றால், ஆற்றோடு போகும்போது 8 + 2 = 10. எதிர்த்துப் போகும்போது 8 − 2 = 6.

படி 2: அலகைச் சரிபாருங்கள்

ஒன்று மீட்டர்/விநாடியிலும் மற்றது கி.மீ./மணியிலும் இருந்தால், முதலில் மீட்டர்/விநாடியை 18/5 ஆல் பெருக்கி மாற்றிவிடுங்கள்.

படி 3: தலைகீழாகக் கேட்டால்

ஒரு படகு 30 கி.மீ. தூரத்தை ஆற்றோடு 3 மணி நேரத்திலும், எதிர்த்து 5 மணி நேரத்திலும் கடக்கிறது. படகின் வேகம் என்ன, ஆற்றின் வேகம் என்ன?

30 ÷ 3 = 10, 30 ÷ 5 = 6. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 4. ஆறு படகின் வேகத்தை ஒருமுறை 10-க்கு ஏற்றியது, ஒருமுறை 6-க்கு இறக்கியது. ஆக அந்த 4-இல் ஆற்றின் வேகம் இரண்டு முறை இருக்கிறது. ஆறு 2, படகு 8.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். போய்வந்த சராசரி வேகம் கேட்டால் 8 என்று எழுதிவிடாதீர்கள். மொத்த தூரம் 60, மொத்த நேரம் 8 மணி, சராசரி 7.5. மெதுவாக வந்த நேரம் அதிகம், அதனால் சராசரி கீழே இறங்குகிறது.

படி 4: மொத்த நேரம் மட்டும் கொடுத்தால்

நிலையான நீரில் 10 கி.மீ. வேகமுள்ள படகு, 24 கி.மீ. போய்த் திரும்ப 5 மணி நேரம் ஆகிறது. ஆற்றின் வேகம் x என்க.

24/(10 + x) + 24/(10 − x) = 5
24(10 − x) + 24(10 + x) = 5(10 + x)(10 − x)
480 = 5(100 − x²)
x² = 4, x = 2

சரிபார்ப்போம்: 24/12 = 2, 24/8 = 3, கூட்டினால் 5. தேர்வில் நேரமில்லை என்றால் விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதே வேகமான வழி. அதில் தப்பே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு ஒன்று

ஆற்றை எதிர்த்துப் போகும் படகிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குடம் விழுந்துவிடுகிறது. 10 நிமிடம் கழித்துத்தான் படகுக்காரர் கவனிக்கிறார். உடனே திரும்பி, அதே பலத்தில் துடுப்புப் போட்டு, விழுந்த இடத்திலிருந்து 1 கி.மீ. கீழே குடத்தைப் பிடிக்கிறார். ஆற்றின் வேகம் என்ன?

படகின் வேகம் தரவில்லையே என்று தயங்காதீர்கள். குடத்தின் மேல் உட்கார்ந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குடம், படகு இரண்டையும் ஆறு ஒரே அளவு சுமந்து போகிறது. அதனால் குடத்துக்கு இது குளம் மாதிரிதான்: படகு 10 நிமிடம் விலகிப் போனது, அதே வேகத்தில் திரும்பி வரவும் 10 நிமிடம். ஆக மொத்தம் 20 நிமிடத்தில் குடம் 1 கி.மீ. மிதந்திருக்கிறது. அப்படியானால் மணிக்கு 3 கி.மீ.