அலிகோவுக்குச் சீஸ் வாங்கும்போது செய்யும் தவறுகள்

பிரான்சின் தென்மத்தியில் அவேரோன், காந்தால், லொசேர் ஆகிய மூன்று மாவட்டங்களும் சந்திக்கும் இடத்தில் ஓப்ராக் மேட்டுநிலம் இருக்கிறது. அலிகோ அந்த மண்ணின் சாப்பாடு. மசித்த உருளைக்கிழங்கில் பூண்டு, வெண்ணெய், க்ரீம், புது சீஸ் எல்லாம் சேர்த்து, களி கிண்டுவது போல மரத்துடுப்பால் அடுப்பிலேயே கிண்டுவார்கள். துடுப்பைத் தூக்கினால் ஒரு முழ நீளத்துக்கு நாடாவாக இழுபட்டு வர வேண்டும். வராவிட்டால் அது சீஸ் போட்ட மசியல்தான். ருசியாக இருக்கலாம், ஆனால் அலிகோ ஆகாது.

இழுவை வராதபோது எல்லோரும் கையைத்தான் குறை சொல்வார்கள்: கிண்டியது போதவில்லை, தீ சரியில்லை என்று. பெரும்பாலும் தவறு சீஸ் வாங்கும்போதே நடந்து முடிந்திருக்கும்.

உருகும் சீஸ் எல்லாம் இழுபடும் என்று நினைப்பது

முதல் தவறு இது. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

பாலில் உள்ள கேசின் புரதத்தைக் கால்சியம் கட்டிப் பிடித்து வைத்திருக்கிறது. ரென்னெட் என்ற நொதியை விட்டுப் பாலைத் திரட்டிய உடனே பார்த்தால் அந்தப் பிடி இறுக்கமாக இருக்கும்; சூடாக்கினாலும் திரட்டு ரப்பர் போல விறைத்து நிற்கும். நேரம் ஆக ஆக, பாக்டீரியாக்கள் பால் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றும். புளிப்பு ஏறும்போது கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும், புரதப் பின்னலும் நெகிழும். அமிலத்தன்மை பி.எச். 5.2-ஐ ஒட்டி வரும்போது, சூடு பட்டால் புரதம் அறுந்துபோகாமல் நீளும். புளிப்பு அதையும் தாண்டினால் சூட்டில் நீளாமல் மணல் மணலாக உதிரும். உப்புப் போட்டு மாதக்கணக்கில் பழுக்க வைத்தாலோ, நொதிகள் அந்தப் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். பழுத்த சீஸ் அழகாக உருகும், வாசனையும் அள்ளும். ஆனால் நீள்வதற்கு அதில் நீளமான புரதமே மிச்சம் இருக்காது.

ஆகவே அலிகோவுக்கு வேண்டியது புளிப்பேறிய, ஆனால் பழுக்காத சீஸ்.

‘தோம்’ என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்குவது

அந்தப் பருவத்தில் இருக்கும் சீஸுக்கு ஓப்ராக்கில் ‘தோம் ஃப்ரெஷ்’ என்று பெயர். மாவட்டத்தின் பெயரையே கொண்ட காந்தால் சீஸ், ‘லகியோல்’ என்று எழுதி உள்ளூரில் ‘லயோல்’ என்று சொல்லப்படும் சீஸ், இவை இரண்டும் உருவாகும் வழியில் இது ஒரு நடுக்கட்டம். திரட்டை வெட்டி, அழுத்தித் தண்ணீரை வடித்து, திருப்பித் திருப்பி மறுபடி அழுத்தி, பெரிய பாளமாக்கிப் புளிக்க விடுவார்கள். அடுத்து அதை அரைத்து, உப்புப் பிசைந்து, அச்சிலிட்டுப் பழுக்க வைத்தால் காந்தாலோ லயோலோ ஆகும். அரைப்பதற்கு முன்பே, உப்புப் படாமல் எடுத்துக்கொள்வதுதான் தோம் ஃப்ரெஷ்.

சிக்கல் என்னவென்றால், ‘தோம்’ என்பது அங்கே பொதுப் பெயர். ‘தோம் த சவுவா’ என்று கேட்டால் ஆல்ப்ஸ் பக்கத்து சீஸ் ஒன்றைத் தருவார்கள். சாம்பல் நிறத் தோல், வாரக்கணக்கில் பழுத்த மணம். ரொட்டியோடு சாப்பிட நன்றாக இருக்கும், அலிகோவில் இழுபடாது. அடையாளம் எளிது: தோம் ஃப்ரெஷ்ஷுக்குத் தோலே கிடையாது. நிறம் தந்த வெள்ளை. விரலால் அழுத்தினால் எம்பி வரும். கடித்தால் பல்லில் லேசாகக் கீச்சிடும். பால் மணமும் தயிர்ப் புளிப்பும் இருக்கும், உப்பு இருக்காது. சிப்பத்தில் ‘அலிகோவுக்கு’ என்று அச்சிட்டிருந்தால் குழப்பமே இல்லை.

பெயர்பெற்ற சீஸ் போட்டால் சுவை கூடும் என்று எண்ணுவது

பழுத்த லயோல் குறைந்தது நான்கு மாதம் முதிர்ந்தது. அதே ஊர், அதே பால், அதே கை; ஆனாலும் அதை மட்டும் போட்டுக் கிண்டினால் எண்ணெய் மிதக்கும், மசியல் குட்டை குட்டையாக அறும். விலை கூடுதலாகக் கொடுத்துக் கெடுத்துக்கொள்ளும் வழி இது. காந்தாலை வயதை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள்: 30 முதல் 60 நாள் வரை இளசு, 90 முதல் 210 நாள் வரை நடுத்தரம், 240 நாளுக்கு மேல் முதிர்ந்தது. இளசானதை வேறொன்றோடு கலந்து பயன்படுத்தலாம். மற்ற இரண்டும் வேண்டாம்.

ரெப்லோஷோன் என்ற சீஸ் வேறு சமையலுக்கு உரியது. சவுவாவின் தார்த்திஃப்லெத்தில் உருளைக்கிழங்கு, வெங்காயம், உப்பிட்ட பன்றி இறைச்சி ஆகியவற்றின் மேல் அதைத் தோலோடு வைத்து ஓவனில் சுடுவார்கள். அது க்ரீமாக உருகி வழியும், இழை விடாது. கோம்தே, குரூயேர் போன்றவை ஓரளவு இழை விட்டாலும் அவற்றின் கொட்டை மணம் உருளைக்கிழங்கையும் பூண்டையும் அமுக்கிவிடும். காந்தால் பக்கத்து த்ரூஃபாத்துக்கு மட்டும் இதே தோம் ஃப்ரெஷ் பொருந்தும். அதில் கிழங்கை மசிக்காமல் வில்லைகளாக வதக்கிக் கடைசியில் சீஸைப் போடுவார்கள். (பெயரைப் பார்த்து ட்ரஃபிள் காளானைத் தேட வேண்டாம். அந்தப் பகுதியின் பேச்சில் உருளைக்கிழங்குக்கே அப்படியொரு பெயர்.)

மாற்று தேடும்போது நடப்பவை

தோம் ஃப்ரெஷ் சீக்கிரம் கெடும், அதனால் பிரான்சுக்கு வெளியே கிடைப்பது அரிது. மாற்று தேவைப்படும். அங்கேதான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள்.

தண்ணீரில் மிதக்க விட்டு விற்கும் மொஸரெல்லா உருண்டை வேண்டாம். சூட்டில் தண்ணீர் விட்டுக் கிழங்கைக் கூழாக்கும். பீட்சாவுக்கு விற்கும் ஈரம் குறைந்த கட்டி மொஸரெல்லாவை வாங்கவும். அது அருமையாக இழுபடும், ஆனால் சப்பென்று இருக்கும். ஒரு கிலோ கிழங்குக்கு 250 கிராம் மொஸரெல்லாவோடு 150 கிராம் இளம் காந்தால் சேர்த்தால் இழுவையும் வரும், புளிப்பும் கொஞ்சம் வரும். காந்தாலும் இல்லையென்றால் வெளிர் நிறமுள்ள இளம் செடார். கனடா பக்கம் இருப்பவர்களுக்கு அன்றன்று செய்த செடார் திரட்டுத் துண்டுகள் கிடைக்கும். செய்முறையில் தோம் ஃப்ரெஷ்ஷுக்கு நெருங்கிய உறவு அது.

துருவிப் பாக்கெட்டில் விற்பதை வாங்கக் கூடாது. ஒட்டாமல் இருக்க அதில் ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். பதப்படுத்திய சீஸ் துண்டுகளும் ஆகாது. அவற்றில் சேர்க்கும் உப்புகள் வழவழப்பான குழம்பைத் தரும், இழையைத் தராது. பனீர் என்ன செய்தாலும் உருகாது. கொதித்த பாலை எலுமிச்சையால் திரித்தது, ரென்னெட்டால் திரண்டதல்ல.

சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓப்ராக் சீஸுக்கு மரபாகப் பயன்படுவது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்த மொஸரெல்லா சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது.

வாங்கிய சீஸ் எதுவானாலும் சட்டியில் போடுமுன் சோதித்துவிடுங்கள். சுண்டுவிரல் அளவுத் துண்டு ஒன்றை, விரல் பொறுக்காத சூட்டில், ஏறக்குறைய 70 டிகிரி வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு, கரண்டியால் எடுத்து இழுத்துப் பார்க்கவும். பட்டு நூலாக நீண்டால் சரி. உதிர்ந்தால் அந்தச் சீஸை ரொட்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

நல்ல சீஸையும் கெடுப்பவை

அளவு: மாவுப்பசை உள்ள கிழங்கு 1 கிலோ, தோம் ஃப்ரெஷ் 400 கிராம், புளிப்பு க்ரீம் 250 கிராம், வெண்ணெய் 100 கிராம், பூண்டு இரண்டு பல். ஓப்ராக் பக்கம் பிண்ட்ஜெ வகைக் கிழங்கை விரும்புவார்கள். மெழுகுப்பதமான சின்னக் கிழங்கு மசியாது, கட்டி தட்டும். சீஸ் 300 கிராமுக்குக் கீழே போனால் நாடா வராது. 500-ஐத் தாண்டினால் எல்லாம் ஒரே பந்தாகத் திரண்டு துடுப்போடு வரும்.

மசிக்க மிக்ஸி வேண்டவே வேண்டாம். கிழங்கின் மாவணுக்கள் உடைந்து பசையாகிவிடும். அந்தப் பசை இழுபடுவது போலத் தோன்றும், வாயில் வைத்தால் சுவரொட்டிப் பசைதான். வெந்த கிழங்கை வடித்து, வெறும் சட்டியில் ஒரு நிமிடம் ஈரம் போக்கி, சூட்டோடு சேவை நாழியில் பிழிந்தால் போதும். பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் கிழங்கு அழுத்தியும் கிட்டத்தட்ட அதுதான்.

பிழிந்த கிழங்கில் வெண்ணெயையும், பூண்டு போட்டுச் சூடாக்கிய க்ரீமையும் கலந்துவிட்டுத்தான் சீஸ். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கட்டியாகப் போட்டால் வெளிப்பக்கம் வெந்து நடுவில் கட்டியாகவே நிற்கும். ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்து, மெல்லிய சீவல்களாக்கி, எல்லாவற்றையும் ஒரே தடவையில் சேர்க்கவும். தீ சிறியதாக இருக்கட்டும். 10 முதல் 15 நிமிடம் ஒரே திசையில் கிண்டி, அடிக்கடி துடுப்பை உயர்த்தி இழுக்க வேண்டும். பளபளத்து, சட்டியின் ஓரத்தை விட்டு வந்துவிட்டால் ஆயிற்று. அதன் பிறகும் கிண்டினாலோ, கொதிக்க விட்டாலோ புரதம் சுருங்கிக் கொழுப்பை வெளியே தள்ளும். ஓரத்தில் எண்ணெய் தென்பட்டால் உடனே இறக்கி, இரண்டு கரண்டி சூடான பால் விட்டு வேகமாகக் கிண்டுங்கள். ஆரம்பக் கட்டமென்றால் சில சமயம் மீளும்.

உப்பைக் கடைசியில் பார்க்கவும். தோம் ஃப்ரெஷ்ஷில் உப்பில்லை, கிழங்குக்கு வேண்டியதை முழுதாகப் போடலாம். காந்தாலோ செடாரோ கலந்திருந்தால் முதலில் பாதி.

சாப்பிடுபவர்கள் தட்டோடு உட்கார்ந்த பிறகு சீஸைச் சட்டியில் போடுவதே முறை. கூட வைப்பது வறுத்த பன்றி சாசேஜ். ஆறிய அலிகோவை மறுபடி சூடாக்கினால் பழைய இழுவை திரும்பாது. மிஞ்சினால் மறுநாள் வடையாகத் தட்டி, மாவில் புரட்டி, கல்லில் இரண்டு பக்கமும் சிவக்கப் போட்டு எடுக்கலாம்.